கைரேகை கேட்கிறார்கள், கணக்குக் கேட்டால் கதவடைக்கிறார்கள்!

"இதில் ஒரு கையெழுத்துப் போடும்மா."

"என்னங்க எழுதியிருக்கு?"

"ஆபரேஷனுக்குச் சம்மதம். வழக்கமானதுதான். சீக்கிரம் போடு, டாக்டர் காத்திருக்கிறார்."

அவள் படிக்கத் தெரிந்தவள். தமிழ் ஏடு வாசிப்பவள். ஆனால் அந்தத் தாளில் தமிழ் இல்லை. கணவன் உள்ளே கட்டிலில் கிடக்கிறான். கடிகாரம் ஓடுகிறது. நான்கு பக்கங்கள்; நான்கிலும் கையெழுத்திடுகிறாள். என்ன நேர்ந்தாலும் எங்கள் மீது பழியில்லை என்று அதில் எழுதியிருப்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றவுமில்லை.

இது கற்பனைக் காட்சிதானே என்று கேட்பவர், ஏதேனும் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரத்தில் ஒரே ஒரு மாலைப்பொழுதைக் கழித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

மணமக்களுக்குப் புரியாத மொழியில், மணமக்கள் கேட்காத வாக்குறுதிகளை, மணமக்கள் சார்பில் எவரோ ஒருவர் ஓதுவதா என்று கேட்ட இயக்கம் நம்முடையது. கேட்டதோடு நில்லாமல், 1967-ல் ஆட்சிப் பொறுப்பேற்ற அண்ணா, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் ஏற்பையும் பெற்றுத் தந்தார். மணமேடையிலிருந்து இறக்கிவிடப்பட்ட புரியாத மொழி எங்கே போயிற்று? அறுவை அறையின் வாசலிலே வந்து அமர்ந்துகொண்டது! அங்கே வேட்டியும் பூணூலும். இங்கே வெள்ளை அங்கியும் விசைக்கணினியும். அங்கே தட்சணை, இங்கே முன்பணம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மந்திரம் பிழைபட்டால் மணமகனின் குடலுக்கு ஒன்றும் நேராது. இந்தத் தாள் பிழைபட்டால் ஆள் இருக்கமாட்டான்.

1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண்ணொருத்தி, மாதப்போக்கு நிற்காத தொல்லைக்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றாள். வயிற்றினுள் கருவி செலுத்திப் பார்த்து, நோய் இன்னதென அறிவதற்கு ஒப்புதல் தந்தாள். மயக்க மருந்து தரப்பட்டது. அவள் மயங்கிக் கிடக்கையில், வெளியே காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கப்பட்டது. கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. கண் விழித்தபோது அவளுடைய உடல் அவளைக் கேட்காமலே மாற்றப்பட்டிருந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2008-ல் தீர்ப்பு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்த ஒருத்தியின் உடல்மீது அவள் தாய்க்கும் உரிமை இல்லை, ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்றது நீதிமன்றம். தெளிவான தீர்ப்பு, வரவேற்கிறோம். இழப்பீடு எவ்வளவு? இருபத்தையாயிரம் ரூபாய்! பதின்மூன்று ஆண்டு நடையாய் நடந்ததற்கு, வழிச்செலவுக்காவது கண்டதோ இல்லையோ!

பெண்ணின் கருப்பை பெண்ணுக்கே உரியது என்று பெரியார் 1930களிலேயே முழங்கியபோது, பைத்தியக்காரப் பேச்சு என்றார்கள். நாட்டின் உச்சநீதிமன்றம் ஏறத்தாழ அந்த இடத்துக்கு வந்து சேர 2008 ஆயிற்று. மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

*

டாக்டர் தெய்வம் என்கிறார்கள். நன்றி மிகுதியால் சொல்கிறார்கள். அந்த நன்றியை நாம் ஏளனம் செய்யவில்லை. சாகக் கிடந்த பிள்ளையைத் திருப்பித் தந்தவரைத் தாய் கையெடுத்துக் கும்பிடுகிறாள். கும்பிடட்டும். ஆனால் தெய்வம் என்ற பட்டத்தின் பின்னே என்ன வருகிறது என்று பகுத்தறிவாளன் பார்க்க வேண்டும். தெய்வத்தை யாரும் கணக்குக் கேட்பதில்லை. தெய்வம் விளக்கம் தருவதில்லை. பிழைத்தால் தெய்வத்தின் அருள். செத்தால் நம் தலைவிதி. இந்த ஏற்பாடு எவருக்கு வசதி என்று சொல்லவும் வேண்டுமோ?

இதில் இன்னொரு கேடும் உண்டு. சிலையை வணங்குகிறவன் வரம் கிடைக்காவிட்டால் சிலையின் மீதே கல்லெறிகிறான். காலையில் மாலை, மாலையில் கல். சாவுச் செய்தி வந்தவுடன் கண்ணாடிக் கதவு நொறுங்குகிறது. இரவெல்லாம் கண்விழித்த இளம் டாக்டர், ஒரு பாவமும் அறியாதவர், அடி வாங்குகிறார். அந்த வன்முறையை நாம் வெறுக்கிறோம். இயக்கத் தோழன் ஒருவன் அந்தக் கூட்டத்திலே நின்றான் என்று கேள்விப்பட்டால் தலை குனிவோம். ஆனால் அவர்கள் ஏன் கதவை உடைத்தார்கள்? முறையிடுவதற்கு வேறொரு கதவு திறந்திருக்கிறதா? என்ன நடந்தது என்று உட்காரவைத்துச் சொல்ல ஒருவராவது வந்தாரா?

எங்களை நாங்களே திருத்திக்கொள்வோம், வெளியார் தலையிட வேண்டாம் என்பது மருத்துவ உலகின் பழைய விடை. எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு வரலாறு சொல்கிறேன். வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவக் கூடங்கள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பேறு பார்த்தனர், மற்றொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பார்த்த கூடத்தில்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு கொத்துக்கொத்தாய் மடிந்தார்கள். ஏழைப் பெண்கள், எங்களை மருத்துவச்சிக் கூடத்துக்கு அனுப்புங்கள் என்று காலில் விழுந்து கதறினார்கள், அவர்களுக்குத் தெரிந்திருந்தது! 1847-ல் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைக் கண்டார். பிணத்தை அறுத்த கையோடு வந்து பேறு பார்க்கிறார்கள். கையைச் சுண்ணக் குளோரின் கரைசலில் கழுவச் சொன்னார். சாவு மளமளவென இறங்கிற்று. பெரிய டாக்டர்கள் மகிழ்ந்தார்களா? எங்கள் கை அசுத்தமா என்று சீறினார்கள். அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. 1865-ல் மனநோய் விடுதியொன்றில் அவர் மாண்டார்.

கவனியுங்கள் தோழர்களே! அந்த மருத்துவமனையில் சாவுக் கணக்கு இருந்தது. இரு கூடங்களுக்கும் தனித்தனியே ஏடு இருந்தது. அந்த ஏட்டைப் பார்க்கும்படி அந்தப் பெரியவர்களைக் கட்டாயப்படுத்த எவருமில்லை. கெட்டவர்களா அவர்கள்? இல்லை, படித்தவர்கள், பண்புள்ளவர்கள், கேள்விக்கு அப்பாற்பட்டவர்கள். கேள்விக்கு அப்பாற்பட்டிருந்தது ஒன்றே போதுமானதாயிற்று.

*

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறையிருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்றது. சோப்புக்கும் மின்விசிறிக்கும் பொருந்தும் சட்டம் சிகிச்சைக்கும் பொருந்துமா? பொருந்தாது, எங்கள் தொழில் வாணிபமன்று, அது அறம் என்று இந்திய மருத்துவச் சங்கம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1995 நவம்பரில் தீர்ப்பு கிடைத்தது: பொருந்தும்.

வாணிபமன்று என்ற அந்த வாதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த செய்தியைப் படியுங்கள். இதயக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்கு, 2017 பிப்ரவரியில் நடுவண் அரசின் விலை ஆணையம் உச்சவரம்பு விதித்தது. வெறும் உலோக வலைக்கு 7,260 ரூபாய். மருந்து பூசிய வலைக்கு 29,600 ரூபாய். அதற்கு முன் அதே மருந்து பூசிய வலைக்கு நோயாளி இலட்சக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தான். வலை மாறவில்லை, இதயம் மாறவில்லை, ஓர் அரசாணை வந்தது, விலை விழுந்தது! மறு ஆண்டு அதே ஆணையம் டெல்லிப் பகுதியின் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. ஊசிக்குழல், கையுறை போன்ற பொருள்களில் சிலவற்றுக்கு வைத்த இலாபம் 1,700 விழுக்காட்டையும் தாண்டியது என்று கண்டது. கந்துவட்டிக்காரன் கேட்டால் வெட்கப்படுவான். அறம் என்று நீதிமன்றத்தில் சொன்னவர்களின் தொழில்தான் இது. சின்ன ஊரிலே நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பாடுபடும் டாக்டரைச் சொல்லவில்லை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும் பெருமுதலாளி மருத்துவமனையைச் சொல்கிறேன்.

சரி, 1995 தீர்ப்பால் அனைவர்க்கும் கதவு திறந்ததா? அங்கேதான் இருக்கிறது நம் இயக்கம் எடுத்துப் பேச வேண்டிய செய்தி. கட்டணம் கொடுப்பவனே நுகர்வோன். எவரிடமும் கட்டணம் வாங்காமல் அனைவர்க்கும் இலவசமாய்ச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராது என்றது அதே தீர்ப்பு. ஏழையும் வரி கட்டுகிறானே, தீப்பெட்டிக்கும் தேயிலைக்கும் கட்டுகிறானே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை. வரி, கட்டணம் ஆகாது என்று சொல்லப்பட்டது.

பாபிலோனின் மன்னன் அம்முராபி, ஏறக்குறைய 3,750 ஆண்டுகளுக்கு முன் கல்லிலே சட்டம் பொறித்தான். பிரபுவின் உடலில் கத்தி வைத்து அவன் இறந்தால், வைத்தியனின் கைகளை வெட்டு. அடிமையின் உடலில் கத்தி வைத்து அவன் இறந்தால்? அடிமைக்குப் பதில் இன்னோர் அடிமையைக் கொடு, போதும். தலைக்கேற்ற நீதி! மனுவின் நாட்டில் பிறந்த நமக்கு இந்த முறை புதிதல்ல. கையை வெட்டச் சொல்லும் காட்டுமிராண்டித்தனம் நமக்கு வேண்டாம். ஆனால் ஆளுக்குத் தக்கபடி நீதி அளக்கும் அந்தக் கல்வெட்டு இன்று அழிந்துவிட்டதா? காசு கொடுத்தவனுக்கு நுகர்வோர் மன்றம். காசில்லாதவனுக்கு? உரிமையியல் நீதிமன்றத்தில் நீதிமன்றக் கட்டணம் கட்டி, வக்கீல் வைத்து, ஆண்டுக்கணக்கில் அலை. அல்லது அரசமைப்புச் சட்டத்தைக் கையிலேந்தி உயர்நீதிமன்றத்தின் படியேறு.

ஏறியவனும் உண்டு. 1992-ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து மண்டையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவர், ஒன்றன்பின் ஒன்றாக அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டார். கட்டில் இல்லை, கருவி இல்லை என்று ஒவ்வொன்றும் கை விரித்தது. கடைசியில் தனியார் மருத்துவமனையில் கையிலிருந்ததைக் கரைத்து உயிர் பிழைத்தார். 1996-ல் உச்சநீதிமன்றம், அவசரச் சிகிச்சை தராதது வாழ்வுரிமையைப் பறிப்பதாகும் என்று கூறி 25,000 ரூபாய் வழங்கச் சொன்னது. மீண்டும் அதே இருபத்தையாயிரம்! இந்த வழக்கை நடத்த அந்தத் தோழருக்குப் பின்னே ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் இருந்தது. சங்கம் இல்லாதவன் என்ன செய்வான்?

கொல்கத்தாவில் 1998-ல் தவறான சிகிச்சையால் மனைவியை இழந்த கணவருக்கு, 2013-ல் உச்சநீதிமன்றம் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாயும் வட்டியும் வழங்கியது. பதினைந்து ஆண்டுகள் விடாமல் போராடினார். அவரே ஒரு டாக்டர். அமெரிக்காவில் தொழில் புரிபவர். மருந்தின் அளவு தவறு என்று அவருக்கே தெரிந்திருந்தது. திருவண்ணாமலைக் குப்பம்மாளுக்கு மருந்தின் பெயரே தெரியாது.

*

திறந்த அந்தச் சிறு கதவையும் மூட எத்தனை கைகள் நீண்டன! புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் வந்தது. முந்தைய ஆண்டின் மசோதாவில் சேவைகளின் பட்டியலிலே மருத்துவம் என்ற சொல் இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் இல்லை. சொல் போய்விட்டது, பொறுப்பும் போய்விட்டது என்று வழக்குத் தொடுத்தார்கள். பம்பாய் உயர்நீதிமன்றம் 2021-லும், உச்சநீதிமன்றம் 2022-லும் தள்ளுபடி செய்தன. பட்டியலில் சொல் இல்லாவிட்டாலும் மருத்துவமும் சேவைதான் என்று சொல்லப்பட்டது. பிழைத்தோம். ஆனால் ஒரு சொல் மறைந்ததற்கே இத்தனை பாடு என்றால், சட்டத்தின் வாசகத்தில் தெளிவு வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாமே என்பார்கள். முறையிடலாம். டாக்டர்மீது குற்றச்சாட்டு, விசாரிப்பவரும் டாக்டர். மாமியார் கொடுமைக்கு மாமியார்ச் சங்கத்திடம் மனு! அதற்கும் மேலே ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். பழைய விதிகளின்படி, மாநிலக் கவுன்சிலின் முடிவில் நிறைவடையாத நோயாளி டெல்லிக்கு மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. பழைய இந்திய மருத்துவக் கவுன்சில் ஊழலில் நாறியது என்று சொல்லி, அதைக் கலைத்துத் தேசிய மருத்துவ ஆணையத்தை அமைக்க 2019-ல் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநிலக் கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர் மேல்முறையீடு செய்யலாம் என்றிருக்கிறது. நோயாளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஊழலை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் ஒழித்தது நோயாளியின் மேல்முறையீட்டை!

அதே ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய ஒழுக்க விதிகளை அறிவித்தது. மருந்தின் மூலப்பெயரை எழுது, மருந்துக் கம்பெனியின் செலவில் மாநாட்டுக்குப் போகாதே என்றெல்லாம் அவற்றில் இருந்தன. எதிர்ப்பு எழுந்தது. அறிவித்த அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டார்கள். மூன்று வாரம் வாழ்ந்த ஒழுக்கம்!

சிறைத்தண்டனை பற்றியும் என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டரைச் சிறையில் தள்ளு என்ற கூச்சலில் எனக்கு உடன்பாடில்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்சநீதிமன்றம், சாதாரணத் தவறுக்கும் கொடிய அலட்சியத்துக்கும் கோடு கிழித்தது. வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தைப் பெறாமல் போலீசார் பாயக்கூடாது என்றது. அது நியாயமே. கை நடுங்கும் டாக்டரிடம் எவன் அறுவை செய்துகொள்வான்? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், அலட்சியத்தால் மரணம் விளைவித்தவர்க்கு ஐந்தாண்டு வரை சிறை. மருத்துவராயின் இரண்டாண்டு வரை. இதைக் கண்டு சிலர் கொதிக்கிறார்கள். நான் கொதிக்கவில்லை. சிறை ஒருவனை அடைக்கும். அடுத்த சாவைத் தடுக்காது. எனக்கு வேண்டியது ஏடு திறக்கப்படுவது.

*

அப்படிச் சட்டம் செய்ய முயன்ற மாநிலங்களுக்கு என்ன நேர்ந்தது? கருநாடகம் 2017-ல் தனியார் மருத்துவமனைச் சட்டத்தைத் திருத்தப் புறப்பட்டது. கட்டணத்துக்கு வரம்பு, மீறினால் சிறை, மாவட்டந்தோறும் முறையீட்டுக் குழு, நோயாளிகளின் உரிமைப் பட்டயம். நவம்பரில் தனியார் டாக்டர்கள் நாள்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். உள்ளே நோயாளி, வெளியே பூட்டு. சட்டம் வந்தது, பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தது. பட்டயமும் முறையீட்டுக் குழுவும் மிஞ்சின. இராஜஸ்தான் 2023 மார்ச்சில் உடல்நல உரிமைச் சட்டம் நிறைவேற்றியது. உயிர் போகும் நிலையில் வருகிறவனிடம் முன்பணம் கேளாதே, முதலில் காப்பாற்று என்பது அதன் உயிர்க்கருத்து. தனியார் மருத்துவமனைகள் இரண்டு வாரம் போலக் கதவடைத்தன. அரசின் சலுகையோ நிலமோ பெறாத மருத்துவமனைகளைச் சட்டம் தொடாது என்று அரசு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரே திறந்தன. முதலில் காப்பாற்று என்று 1989-லேயே உச்சநீதிமன்றம் சொல்லியாயிற்று. 2010-ன் நடுவண் சட்டமும் சொல்லிற்று. சொன்னதையே திரும்பச் சொன்னதற்கு இந்த அமர்க்களம்!

அயலாரைச் சாடியது போதும். நம் வீட்டைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டது. பதிவு, குறைந்தபட்ச வசதி, ஆய்வு ஆகியவை அதன் நோக்கம். நல்ல நோக்கம். விதிகள் எப்போது வகுக்கப்பட்டன? 2018-ல்! சட்டம் பிறந்த அன்று பிறந்த பிள்ளை கல்லூரி முடித்து வேலைக்கும் போயிருக்கும். விதியில்லாச் சட்டம் அச்சாணியில்லா வண்டி. இருபத்தொரு ஆண்டுகள், இரு கழகங்களும் மாறிமாறி ஆண்ட ஆண்டுகள், வண்டி தெருவில் நின்றது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. சொல்லாவிட்டால் நான் ஏந்தியிருக்கும் பேனா சுயமரியாதைப் பேனா அல்ல. மருத்துவப் பணியாளரையும் மருத்துவமனையையும் தாக்குதலிலிருந்து காக்கும் சட்டம் 2008-ல் வந்தது. அது வேண்டியதே. ஆனால் பாருங்கள், நோயாளியைக் காக்கப் பிறந்த மூத்த சட்டம் அப்போதும் விதியின்றி உறங்கிக்கொண்டிருந்தது.

மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே வழிகாட்டியவர்கள் நாம். 1990களில் நிறுவிய மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் மூலப்பெயர் மருந்தை மொத்தமாய் வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் சோதித்து, குக்கிராமம் வரை கொண்டு சேர்த்தோம். மாத்திரையைச் சோதிக்கத் தெரிந்த நமக்கு மருத்துவமனையைச் சோதிக்கத் தெரியாதா? வேறு மாநிலத்தார் நம் அரசு மருத்துவமனைகளைப் பார்த்துப் போற்றுகிறார்கள்; உண்மை. போற்றப்படுகிறவன்தான் கணக்கைத் திறந்துவைக்க அஞ்சக்கூடாது.

இலவசம் என்பதால் உரிமை குறையும் என்பது உலக நியதியா? பிரிட்டனில் 1948 முதல் சிகிச்சை இலவசம். அங்கே இலவச நோயாளி வழக்குத் தொடுக்கலாம். ஓர் அரசு மருத்துவமனையில் நடந்த கொடுமைகளைப் பற்றிய விசாரணை அறிக்கை 2013-ல் வெளிவந்தபின், பிழை நேர்ந்தால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லியாக வேண்டும் என்று 2014-ல் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமை விதித்தார்கள். நியூசிலாந்தின் கதை நம் ஏட்டாளர்களுக்கு இனிக்கும். ஆக்லாந்தில் ஒரு மகளிர் மருத்துவமனையில், கருப்பைவாயில் புற்றுநோயின் முன்னிலை கண்ட பெண்கள் உரிய சிகிச்சையின்றி ஆண்டுக்கணக்கில் வெறுமனே கவனித்து வரப்பட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல். 1987-ல் இரு பெண் எழுத்தாளர்கள் ஓர் ஏட்டில் அதை அம்பலப்படுத்தினார்கள். நீதிபதி கார்ட்ரைட் அம்மையார் விசாரித்தார்; 1988-ல் அறிக்கை தந்தார். 1994-ல் தனி ஆணையர் சட்டம். 1996-ல் நோயாளிகளின் உரிமைத் தொகுப்பு. அங்கே சிகிச்சையில் நேரும் காயத்துக்கு, எவர் குற்றம் என்று நிறுவக் காத்திராமல் பொதுநிதியிலிருந்து இழப்பீடு உண்டு. ஒரு கட்டுரையிலிருந்து ஒரு சட்டம்! எழுதுவதால் என்ன ஆகும் என்று கேட்கும் தோழர்கள் இந்தப் பெண்களை நினைத்துக்கொள்ளட்டும்.

அத்தகைய சட்டமே இங்கும் வேண்டும். இலவச நோயாளிக்கும் கட்டண நோயாளிக்கும் ஒரே முறையீட்டு மன்றம். அதில் டாக்டர்கள் இருக்கட்டும், அறிவு வேண்டுமே; ஆனால் பெரும்பான்மை டாக்டர் அல்லாதவர். செவிலியர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், நோயாளிகள் தரப்பில் பெண்கள். ஒப்புதல் தாள் தமிழில், அதைப் படித்துக் காட்டியவரின் கையொப்பத்தோடு; என்ன நேர்ந்தாலும் பொறுப்பல்ல என்ற வாசகம் செல்லாது என்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பாக்கிக்காகப் பிணத்தைப் பிடித்து வைப்பவன் உரிமத்தை இழக்க வேண்டும். சாவைப் பணயம் வைப்பது மருத்துவமன்று. ஒவ்வொரு மருத்துவமனையும், அரசினுடையதாயினும் அம்பானியினுடையதாயினும், பிரசவத்தில் எத்தனை சாவு, அறுவைக்குப்பின் எத்தனை சீழ் என்று ஆண்டுதோறும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் நேர்ந்த தவறுக்கு இழப்பீடு தர ஒரு பொதுநிதி.

சின்ன மருத்துவமனை செத்துவிடும் என்கிறார்கள். இந்த ஒரு வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். கணவன் டாக்டர், மனைவி டாக்டர், பத்துக் கட்டில் என்று தாலுகா ஊரிலே நடப்பவரை, நூறு படிவமும் ஐந்து ஆய்வாளரும் கொண்டு நசுக்கினால், அந்த இடத்தில் பெருமுதலாளியின் கிளை வந்து உட்காரும். ஆகவே கட்டிலின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுமை மாறட்டும். விலைப்பட்டியலை மாட்டவும், உண்மையைச் சொல்லவும் பத்துக் கட்டில்காரருக்கு என்ன செலவு? ஓர் அட்டையும் ஒரு நாவும் போதும்.

அரசு மருத்துவமனையின் இளம் டாக்டர் கேட்பார்: ஓர் இரவில் இருநூறு பேரைப் பார்க்கிறேன், என்மீது இன்னொரு சவுக்கா? தோழரே, உம்மீதல்ல. இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை உம் ஒருவர் தலையில் சுமத்தியவர்மீது. பணியிடம் காலி, கருவி பழுது, தொடர்ந்து முப்பது மணி நேர வேலை என்பவை விசாரணையில் பதிவானால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது கோட்டையிலுள்ள கோப்பாக இருக்கும். இன்று சாவு நேர்ந்தால் கல்லெறிக்கு முன் நிற்பது நீர். பணியிடத்தை நிரப்பாதவரை எவரும் அறியார். இந்தச் சட்டம் வந்தால் முதலில் மூச்சுவிடப்போவது நீர்தாம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் இன்றும் உயிரோடிருக்கின்றன. நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ கேட்டால், 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தந்தாக வேண்டும் என்கின்றன அவை. மூன்றாண்டு காலம் பாதுகாக்க வேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளிகள் உரிமைப் பட்டயம், பதினேழு உரிமைகளோடு 2018-ல் நடுவண் அரசால் வெளியிடப்பட்டது. எத்தனை மருத்துவமனைச் சுவரில் அது தொங்குகிறது? பிள்ளையார் படம் தொங்குகிறது, வெங்கடாசலபதி தொங்குகிறார். பட்டயத்துக்கு மட்டும் ஆணி இல்லை. படிப்பகத் தோழர்கள் அதைத் தமிழில் அச்சிட்டுத் தரட்டும். ஆணியும் கொண்டு போகட்டும். உறவினர் எவரேனும் மருத்துவமனையில் இருந்தால், குறிப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட நாளையும் மணியையும் குறித்து, வாங்கியவரின் கையொப்பம் பெறுங்கள். எழுபத்திரண்டு மணி கழித்தும் வரவில்லையென்றால் அந்தத் தாளின் படியை மாவட்ட நலப்பணி இணை இயக்குநருக்கும், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும், இந்த ஏட்டுக்கும் அனுப்புங்கள்.